ஓதுவதும் வாசிப்பதும்: கொம்பனித்தெருவில் ஒரு காலைப்பொழுது



தெற்குக் கரையோரத்திலிருந்து புகையிரதத்தில் கொழும்புக்கு வருபவர்கள், கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் பைகளை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்துவிடுவார்கள். கோட்டை வரப்போகிறது என்ற அவசரம். அதற்கு முன்னே ஒரு சிறிய நிலையம் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதுதான் கொம்பனித்தெரு நிலையம். அண்மையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நான் அங்கே இறங்கினேன். இருபது வருடங்களுக்கு முன்னர், அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதி முடித்து, மௌலவி ஆசிரியராக முதல் நியமனம் பெற்று வந்தபோதும் இதே மேடையில்தான் இறங்கினேன். அன்று என் கையில் ஒரு தோற்பையும், மனதில் எல்லாம் தெரிந்தவன் என்ற எண்ணமும் இருந்தன.

இம்முறை என்னை அங்கே வரவழைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை இன்று ஒரு தாய். "மௌலவி சேர், மகளுக்கு அஞ்சு வயசு முடியப் போகுது. முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் போடணும். கிட்ட உள்ள ஸ்கூல்ல போடுறதா, வான்ல அனுப்பித் தூரத்து ஸ்கூல்ல போடுறதா? இவர் தூரத்தத்தான் சொல்றார். நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க சேர்" என்றாள்.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் ஒரு முறையாவது எழுந்திருக்கும். பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கும்போது உம்மாமாரின் உறக்கம் கெடுவது எனக்குத் தெரியும். அத்தோடு இந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டவன். அது என்ன கடன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஊரைக் காட்டிவிடுகிறேன். ஊரை அறியாமல் அங்குள்ள பாடசாலையை அறிய முடியாது.

தீவாக இருந்த தெரு

ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு நெடுங்காலமாக இருந்த பெயர் 'அடிமைத் தீவு' என்று பொருள்படும். ஒல்லாந்தர் காலத்தில், வாவி நீர் சூழ்ந்த இந்த நிலத்தில்தான் அவர்கள் தங்கள் அடிமைகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பெயர் ஒழியவில்லை. ஆங்கிலத்திலும் கொம்பனித்தெரு என்ற பெயரையே எழுத வேண்டும் என்று அரசாங்கம் பணித்தது 2022ஆம் ஆண்டில்தான். தமிழிலும் சிங்களத்திலும் நாம் கொம்பனியின் பெயரைச் சொன்னோமே தவிர, மனிதரை அடிமை என்று சொல்லவில்லை. அது ஓர் ஆறுதல்.

நிலையத்திலிருந்து உள்ளே நடந்தால், சிறிது தூரத்துக்குள்ளேயே பள்ளிவாசலையும் கோயிலையும் தேவாலயத்தையும் காணலாம். வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டில் எழுந்தது. ஜாவாவிலிருந்து வந்த பாண்டன் பாலி என்பவர் அதற்கு மூலகாரணராக இருந்தார். ஒல்லாந்தர் காலத்தில் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் படைவீரர்களாகவும் கிழக்குத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று நாம் மலாயர் என்று அழைக்கும் நமது சகோதரர்கள். பின்னர் ஆங்கிலேயரின் 'சிலோன் ரைபிள்' படைப்பிரிவில் அவர்கள் பெருந்தொகையாகச் சேவை செய்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1873ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் என்று தெருப் பெயர்கள் மட்டும் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

எழுத்தறிவில் இந்த மலாயர் பின்தங்கியவர்களாக இருக்கவில்லை. 1869ஆம் ஆண்டிலேயே கொழும்பில் பாபா யூனூஸ் சல்தீன் என்பவர் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தினார். அரபு எழுத்தில் மலாய் மொழியை எழுதி அச்சிட்ட மிகப் பழைய பத்திரிகைகளுள் அதுவும் ஒன்று. அவர்கள் அந்த எழுத்து முறையை 'குண்டுல்' என்பார்கள். நமக்கு இது புதுமையல்ல. நமது மூத்தம்மாமார் பலர் தமிழெழுத்து தெரியாமலே அரபுத் தமிழில் கிதாபுகளை வாசித்தவர்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். அவர்கள் வாசிக்கும்போது அதன் பொருள் அவர்களுக்கு நேரே விளங்கியது. ஏனென்றால் அது அவர்கள் வீட்டில் பேசிய மொழி. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே. இந்தக் கட்டுரையின் சாரமே அதுதான்.

நான்கு மொழிகளின் நடுவே

நான் படிப்பித்த காலத்தில் எங்கள் வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகளில் பலர் ஒடுங்கிய சந்துகளில் இருந்த சிறு வீடுகளிலிருந்து வந்தார்கள். முன்னறையில் தையல் இயந்திரமும் கட்டிலும் இருக்கும். பிள்ளையின் புத்தகப்பை கதவில் தொங்கும். வீட்டுப்பாடம் செய்ய மேசை இல்லாத பிள்ளைகள் வாசற்படியில் அமர்ந்து எழுதுவார்கள். மழை வந்தால் கொப்பி நனைந்துவிடும்.

அந்தச் சந்தில் ஒரு பிள்ளையின் காதில் விழும் மொழிகளை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள் மலாய் அல்லது தமிழ். வாசலில் விளையாடும்போது சிங்களம். வகுப்பறையில் புத்தகத் தமிழ். மாலையில் குர்ஆன் மத்ரஸாவில் அரபு. ஐந்து வயதுக் குழந்தை ஒரே நாளில் நான்கு மொழிகளுக்குள் போய் வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரியவர்களாகிய நமக்கு இல்லாத செல்வம் அது. ஆனால் அந்தச் செல்வத்தை எண்ணிப் பார்க்காத ஆசிரியரிடம் அகப்பட்டால் அதுவே பிள்ளைக்குச் சுமையாகிவிடும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். வந்த புதிதில் முதலாம் வகுப்பில் ஒரு சிறுவனை, நமது வழக்கப்படி, "மகன், இங்கே வாங்க" என்று அழைத்தேன். அவன் ஓடிப்போய்த் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மலாய் மொழியில் சாப்பிடுவதற்குரிய சொல் நமது 'மகன்' என்ற சொல்லுக்கு மிக நெருக்கமாக ஒலிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன். அதிலிருந்து நான் படித்திருக்க வேண்டிய பாடத்தைப் படிக்கவில்லை.

எனது தவறு

மூன்றாம் வகுப்பில் இஸ்லாம் பாடத்துக்கு நான் போவேன். ஆசிரியர் வராத நாட்களில் தமிழும் என் பொறுப்பில் வரும். அங்கே முன்வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய எழுத்து முத்துப் போல இருக்கும். கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடுவாள். கொப்பிக்கு உறை போட்டு, ஓரத்தில் கோடு இழுத்து, அவ்வளவு துப்புரவாக வைத்திருப்பாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவளுடைய கொப்பியைத் தூக்கிக் காட்டுவேன். அழகான எழுத்துக்காக ஒரு பென்சில் பெட்டியும் பரிசாகக் கொடுத்தேன். எட்டு மாதங்கள் இப்படிப் போயின.

ஒரு நாள் அடைமழை. வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான். மறுநாள் செய்யவிருந்த ஒரு வேலைக்காக ஒரு சிறு துண்டில், 'நாளை வரும்போது ஒரு வெற்றுப் போத்தலும் இரண்டு மூடிகளும் கொண்டு வரவும்' என்று எழுதி அவளிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் வாசித்தாள். "சரி, நாளைக்கு என்ன கொண்டு வரணும்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மீண்டும் கேட்டேன். கண்கள் நிறைந்துவிட்டன. "தெரியா சேர்" என்றாள்.

அவளுக்கு எழுத்துகள் தெரியும். ஒலிகள் தெரியும். அந்த ஒலிகள் ஒரு போத்தலையும் இரண்டு மூடிகளையும் குறிக்கின்றன என்பது தெரியாது. அவளுடைய வீட்டில் மலாய் பேசினார்கள். வாசலில் சிங்களம் பேசினாள். வகுப்பறைத் தமிழ் அவளுக்கு ஒரு சத்தமாகவே இருந்தது. வெட்கத்தினால் அதை எவருக்கும் காட்டாமல் அழகான எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அந்த ஒளிவிடத்தை அமைத்துக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு முறை அவள் கொப்பியைத் தூக்கிக் காட்டியபோதும் அதன் சுவரை உயர்த்தியிருக்கிறேன்.

ஏன் எனக்கு இது முன்பே விளங்கவில்லை? சிந்தித்துப் பார்த்தபோது காரணம் என்னிடமே இருந்தது. நான் மத்ரஸாவில் வளர்ந்தவன். ஸபர், ஸேர், பேஷ் என்று எழுத்துக் கூட்டி, அட்சர சுத்தமாக ஓதினால் ஹஸரத் மகிழ்வார். பொருள் பின்னால் வரும். வராமலும் போகலாம். பொருள் அறியாமல் ஓதினாலும் திருக்குர்ஆனை ஓதுவதற்கு நன்மை உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தமிழ்ப் பாடப்புத்தகம் அப்படியானதல்ல. பொருள் விளங்காமல் அதை ஒலிப்பதால் இம்மையிலும் பயனில்லை. ஓதும் காதினால் நான் அந்தப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓசை சரியாக இருந்ததால் எல்லாம் சரி என்று எண்ணிவிட்டேன்.

அந்த வகுப்பின் ஆசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவளுடைய பேச்சிலிருந்து தொடங்குவோம்" என்றார். மலாய் வீடுகளில் பாட்டியை 'நேனே' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நேனே பாபத் சமைப்பதைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார். சிறுமி பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொன்னாள். மாட்டுக் குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுவது, பிட்டு அவிப்பது, தம்பி மணம் பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது. ஆசிரியை அவற்றை நான்கு தமிழ் வாக்கியங்களாக எழுதி அவளிடமே கொடுத்தார். அன்று அவள் வாசித்தது வேறு விதமாக இருந்தது. 'தம்பி ஓடினான்' என்ற இடத்தில் சிரித்தாள். வாசித்துக்கொண்டே சிரிக்கும் பிள்ளைக்குப் பொருள் விளங்கிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இலங்கை மலாய் மொழியில் சொற்கள் மலாயாக இருந்தாலும் வாக்கிய அமைப்புப் பெருமளவு தமிழை ஒத்தது. வினைச்சொல் கடைசியில் வரும். பல தலைமுறைகளாக நம்மோடு கலந்து வாழ்ந்ததன் பலன் அது. ஆகவே அவளுக்குத் தமிழ் தூரத்து மொழியல்ல. அடுத்த வீட்டு மொழிதான். கதவைத் திறந்துவிட ஆள் இல்லாமல் இருந்தது. ஐந்து மாதங்களில் அவள் தானாக வாசிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பிள்ளைதான் இன்று என்னை அழைத்த தாய். நான் பட்ட கடன் இதுவே.

எதைக் கொண்டு பாடசாலையை அளப்பது?

நமது முன்னோர் பாடசாலைகளை எளிதில் பெற்றுவிடவில்லை. கண்டியின் வழக்கறிஞர் சித்திலெப்பை 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று வாரந்தோறும் மன்றாடினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883ஆம் ஆண்டில் இங்கு வந்த ஒறாபி பாஷாவும் அம்முயற்சிக்குத் துணை நின்றார். 1884ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிய ஒரு பாடசாலை நிலைக்கவில்லை. அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டில் மருதானையில் எழுந்தது இன்றைய ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கம். அதை 1921ஆம் ஆண்டு முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக அதிபராக இருந்து உயர்த்தியவர் மலாயரான டி.பி. ஜாயா. அவருடைய பெயரில் கொம்பனித்தெருவிலேயே ஒரு பாடசாலை இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அல் இக்பால் இருக்கிறது. 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும், 1993ஆம் ஆண்டு முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. பாடசாலை நம் வாசலுக்கே வந்தது. நாமோ வாசலில் இருப்பதைத் தாண்டி வானில் ஏற்றிப் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புகிறோம்.

ஏன் என்று கேட்டால், "அங்கே ஸ்கொலர்ஷிப் ரிசல்ட் நல்லம்" என்பார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தோன்றியது 1940களில். கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமைசாலிகளைக் கண்டெடுத்து மத்திய கல்லூரிகளில் சேர்ப்பதற்காக அது வந்தது. நல்ல நோக்கம். ஆனால் இன்று அது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் மாலை நேரத்தை விழுங்கும் பரீட்சையாகிவிட்டது. வாசலில் பெரிய பதாகையில் படத்தோடு சித்தியெய்தியவர்களின் பெயர்கள் தொங்குகின்றன. எத்தனை பேர் சித்தியெய்தினார்கள் என்பதைப் பதாகை சொல்லும். எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதை எந்தப் பதாகை சொல்லும்?

கொரோனா காலத்தில், 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில், பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. அதன் விளைவை அறிய மூன்றாம் தரப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட மதிப்பீட்டில், மொழியில் பெற்றிருக்க வேண்டிய குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டியிருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. கணிதத்தில் நிலைமை அதைவிட மோசம். அந்த எஞ்சிய பிள்ளைகளும் வகுப்பேறிப் போனார்கள். அவர்களில் நமது பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஆரம்ப வகுப்புக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "விளையாடிக்கொண்டுதானே இருக்குறாங்க" என்று மனம் சலிக்கும் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டு நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஐந்து வகுப்புகளையும் மூன்று நிலைகளாகப் பிரித்தது. முதலிரண்டு வகுப்புகளில் விளையாட்டுக்கு முதலிடம். மூன்றிலும் நான்கிலும் விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் சமமாக. ஐந்தில் எழுத்து வேலை கூடுதலாக. ஏனென்றால் பேசாத பிள்ளையால் வாசிக்க முடியாது. கடை விளையாட்டில் "இந்தாங்க மிச்சக் காசு" என்று சொல்லும் பிள்ளை மொழியையும் கணக்கையும் ஒன்றாகப் படிக்கிறது. எனது சிறுமி வகுப்பில் வாய் திறந்து விளையாடியிருந்தால் எட்டு மாதங்கள் வீணாகியிராது.

அன்று பார்த்த வகுப்பு

அந்தத் தாய் இப்போது ஒரு தொடர்மாடியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். பழைய சந்து இல்லை. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பின்வந்த ஆண்டுகளில் மலே வீதி, ஜாவா லேன் பக்கங்களிலும் பல குடும்பங்கள் அபிவிருத்திக்காக வீட்டை விட்டுப் போயின. சிலர் வாடகை வீடுகளில் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். சிலர் நகரின் வேறு மூலைகளுக்குப் போனார்கள். வீடு போனால் இன்னொரு வீடு கிடைக்கலாம். அடுத்த வாசலில் இருந்து, "இண்டைக்கு ஏன் ஸ்கூல் போகல்ல?" என்று பிள்ளையைக் கேட்ட கிழவி கிடைக்கமாட்டாள். பக்கத்துப் பாடசாலைக்குப் பிள்ளைகள் குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

அவளையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு பாடசாலைக்குப் போனேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நாள் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. முதலாம் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியை இளம்பெண். கடைசி வாங்கில் இருந்த ஒரு பையனைக் காட்டி, "இவர் எப்படி?" என்று மெதுவாகக் கேட்டேன். பதிவேட்டைப் புரட்டாமல் சொன்னார்: "வாப்பா வெளிநாட்டுல. இந்தக் கிழமை பேச்சுக் குறைவு. நேத்து ட முழுக்கத் தலைகீழா எழுதினார். இண்டைக்குச் சரி." எனக்கு மனம் நிறைந்தது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை ஆசிரியை அறிந்திருந்தால் மற்றப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

குறையும் கண்டேன். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே சிறுவர் கதைப் புத்தகங்கள் நிரம்ப இருந்தன. முதுகு மடியாத புதுப் புத்தகங்கள். அலமாரிக்குப் பூட்டு. சாவி லீவில் போன ஓர் ஆசிரியரிடம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் அதிபரிடம் நேராகக் கேட்டாள். "சேர், இந்தப் புத்தகமெல்லாம் பிள்ளைகள் எப்ப தொடுவாங்க?" மரியாதையாகத்தான் கேட்டாள். அதிபர் சற்று நேரம் பேசவில்லை. "நல்ல கேள்வி மகள்" என்றார்.

சகோதரிகளே, பாடசாலை பார்க்கப் போகும்போது நிறம் பூசிய சுவரைப் பார்க்காதீர்கள். கதைப் புத்தகத்தின் ஓரம் அழுக்காகி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பதற்கு அதுவே காரணம். வகுப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள், ஆசிரியரா பிள்ளைகளா என்று வாசலில் நின்று ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

தூரத்துப் பாடசாலை கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தரை மணிக்கு அரைத்தூக்கத்தில் வானில் ஏறி, பின்னேரம் மூன்று மணிக்கு வாடிப்போய்த் திரும்பி, மஃரிபுக்கு முன் ஓதப் போய், இரவில் வீட்டுப்பாடம் செய்யும் குழந்தைக்கு, உம்மாவோடு பேச எந்த நேரம் மிஞ்சுகிறது என்று கணக்குப் பாருங்கள். அந்தப் பேச்சும் பாடம்தான்.

இன்றிரவு செய்து பாருங்கள்

உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பிலோ அதற்கு மேலேயோ இருந்தால், இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள், அது மனனமாகியிருக்கும். ஒரு துண்டில் நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். 'அலமாரியின் மேல்தட்டில் ஒரு சிவப்புப் பை இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இருங்கள். பிள்ளை சத்தமாக அழகாக வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து நின்றால், அது ஓதியிருக்கிறது. வாசிக்காமலே அலமாரிக்கு ஓடியதுபோல் தோன்றினால், அதுதான் வாசித்திருக்கிறது.

நின்றுவிட்டால் கோபிக்காதீர்கள். அடிக்கவே அடிக்காதீர்கள். ட்யூஷனுக்கும் ஓடாதீர்கள். பிள்ளை சொல்வதை நீங்கள் எழுதுங்கள், அதையே அது வாசிக்கட்டும். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. கடந்த மாதங்களில் படித்த எழுத்தைப் பிள்ளை மறப்பது அப்போதுதான். அஸருக்குப் பின் கஞ்சி கொதிக்கும் நேரத்தில் கால் மணி நேரம் போதும். தமிழ் வாசிக்கத் தெரியாத உம்மாவாக இருந்தாலும் கவலையில்லை. பிள்ளை வாசித்ததும், "என்ன மகள் அதுல சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். மலாயில் கேட்டாலும் சிங்களத்தில் கேட்டாலும் சரிதான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டம் தேவையில்லை.

அன்று விடைபெறும்போது அந்தத் தாய் சொன்னாள்: "அண்டைக்கு அந்த மழையில, என்ன கொண்டு வரணும்னு கேட்டீங்களே சேர். அப்ப நான் வெக்கத்துல செத்துட்டேன். ஆனா அதுக்கு முன்னால ஒருத்தரும் என்னட்ட அப்பிடிக் கேட்டதில்ல. இப்ப மகள்ட்ட ஒவ்வொரு கதைக்கும் பிறகு கேக்குறேன்." என் பாவம் சற்றுக் குறைந்தது போல இருந்தது.

இரண்டு கிழமைக்குப் பின் மீண்டும் அழைத்தாள். பக்கத்துப் பாடசாலைக்கே விண்ணப்பம் கொடுத்துவிட்டாளாம். கணவரும் ஒப்புக்கொண்டாராம். அலமாரி திறந்ததா என்று கேட்டேன். "சாவி வந்துட்டு சேர். ஆனா புத்தகத்த வகுப்புக்குக் குடுக்கப் பயப்படுறாங்க, கிழிஞ்சிடும்னு. கிழிஞ்சா ஒட்டித்தாறதுக்கு நாங்க நாலு உம்மாமார் பெயர் குடுத்திருக்கோம்" என்றாள்.

அந்த நான்கு பேரைப் போல உங்கள் ஊரிலும் நான்கு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.